கெலோயிட் ஊசி: பல்லைக் கடித்துக்கொள்ளத் தேவையில்லை

மட்டக்களப்பில், காயம் ஆறிய பிறகும் தடித்து வளரும் கெலோயிட் தழும்புக்காக என்னிடம் வருகிறவர்களில் சிலர் முதல் ஊசியோடு காணாமல் போய்விடுகிறார்கள். காது குத்திய இடம், பி.சி.ஜி. ஊசி போட்ட தோள், நெஞ்சில் வந்த பரு என்று தொடங்கியது இன்னும் தடித்த பிறகுதான் திரும்ப வருவார்கள். கேட்டால், "அந்த வலியை இன்னொரு தடவை தாங்க முடியாது டொக்டர்" என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஊசி குத்துவதைவிட மருந்து உள்ளே போவதுதான் அதிகம் வலிக்கும். கெலோயிட் என்பது கொலாஜன் நார்கள் நெருங்கி இறுகிய திசு. அதை இளக்கப் போடும் ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்துக்கு அதற்குள் இடமே கிடையாது. கட்டைவிரல் வெளுக்கும்வரை அழுத்த வேண்டும். சாதாரண சிரிஞ்சில் ஊசி கழன்று மருந்து முகத்தில் தெறித்துவிடும். ஆகவே ஊசியைத் திருகிப் பூட்டும் சிறிய சிரிஞ்சில் மெதுவாகச் செலுத்துகிறோம். தழும்புக்கு அடியில் உள்ள கொழுப்பில் மருந்தை விட்டால் அவ்வளவாக வலிக்காதுதான். ஆனால் தோல் குழிந்துவிடும், தழும்பு அப்படியே நிற்கும். 'நோகாமல் போட்டார்' என்று புகழப்படும் ஊசிகளில் சில அந்த வகை.

லிக்னோகெயினும் பிரிலோகெயினும் கலந்த, தோலை மரக்கச் செய்யும் கிறீமைத் தடிப்பாகப் பூசி, மெல்லிய பொலித்தீனால் மூடி, குறைந்தது 1 மணி நேரம் விட வேண்டும். கிளினிக் வாசலில் பூசினால் பயனில்லை. கல்முனையிலிருந்து வருகிறவர் பஸ் ஏறுமுன் பூசிக்கொண்டால் சரியாக இருக்கும். எவ்வளவு பூசுவது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இது குத்தும் வலியைக் குறைக்கும், உள்ளே அழுத்தும் வலியை முழுவதும் தடுக்காது.

அதற்கு நான் அதிகம் நம்புவது, தழும்பைச் சுற்றியுள்ள நல்ல தோலில் முதலில் விறைப்பு ஊசி போடுவதைத்தான். காதுச் சோணைக்கு இது மிகவும் பொருந்தும். ஸ்டீரொய்டோடு லிக்னோகெயினைக் கலப்பதும் வழக்கம்; அதன் ஆறுதல் பெரும்பாலும் மருந்து உள்ளே போன பிறகுதான் தெரியும். திரவ நைதரசனால் உறையச் செய்து, 10 முதல் 15 நிமிடம் பொறுத்தால் தழும்பு வீங்கி இளகும், ஊசியும் எளிதாக இறங்கும். ஆனால் நம் கருத்த தோலில் வெள்ளைத் திட்டு விழக்கூடும் என்பதால் யோசித்துத்தான் செய்வேன். ஐஸ்கட்டி எங்கும் கிடைக்கும். ஊசிக்கு முன் சில நிமிடம் துணியில் சுற்றி ஒற்றினாலும் ஓரளவு உதவும்.

வலி தாங்காவிட்டால் கையை உயர்த்துங்கள், நிறுத்திவிடலாம். பொதுவாக 4 வாரத்துக்கு ஒரு தடவை போடுவோம். தழும்பு இளக இளக வலியும் குறையும். சீனி வருத்தம் இருந்தால் முன்பே சொல்லுங்கள், ஊசிக்குப் பின் சில நாட்கள் சீனி ஏறலாம். கர்ப்பிணி என்றால் பெரும்பாலும் பிள்ளை பிறக்கும்வரை தள்ளிப்போடுவோம்.