பின்போல் மெசினை விற்க முதல் துடைக்காதீர்கள்

கிளிநொச்சியில் ரி.வி, இன்வேட்டர், தண்ணீர் மோட்டர் என்று கரண்டில் ஓடும் எதையும் திருத்துகிற கடை என்னுடையது. போன மாசியில் விசுவமடுப் பக்கமிருந்து ஓர் ஐயா கூப்பிட்டார். "தம்பி, மகன் ஜேர்மனியால வரேக்க கொண்டுவந்த விளையாட்டு மெசின் ஒண்டு கிடக்கு, விக்கவேணும், ஒருக்கா வந்து கரண்ட் குடுத்துப் பாரும்" என்றார். போனால், கோழித்தீன் மூட்டைகளுக்குப் பின்னால், காசு போட்டு உருக்குப் பந்தைத் தட்டிப் புள்ளி எடுக்கிற பின்போல் மெசின் ஒன்று நாலு காலில் நிற்கிறது. 1980 அளவில் பாலி கம்பனி செய்தது. காசு போடும் துவாரத்தில் குளவி மண்கூடு கட்டியிருந்தது.

வன்னியில் இப்படிப் பழையது ஒன்றைக் காண்பதே அபூர்வம். எங்கள் வீட்டுப் பழைய சாமான்கள் 2009இல் போரில் இடம்பெயர்ந்த வழியிலேயே போய்விட்டன. அதனால்தான் இதை எப்படி வைத்திருப்பது, எப்படி விற்பது என்று இங்கே கேட்டறியவும் ஆளில்லை.

நான் போக முதலே ஐயா ஒரு வேலை பார்த்துவிட்டார். விற்கிற பொருள் பளிச்சென்று இருக்கட்டும் என்று, மேலே நிமிர்ந்து நிற்கிற படக்கண்ணாடியைக் கழற்றி இரண்டு பக்கமும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார். அந்தப் படம் கண்ணாடியின் பின்பக்கத்தில் அச்சடித்த மை. வெக்கையிலும் ஈரத்திலும் ஏற்கெனவே செதில் விட்டிருந்த மை துணியோடு வந்துவிட்டது, படத்திலிருந்த பெண்ணுக்கு ஒரு கன்னம் இல்லை. வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பதே அந்தக் கண்ணாடியைத்தான். தூசியோடு விட்டிருந்தால் கூடுதல் விலை போயிருக்கும்.

எண்ணெயும் அப்படித்தான். பந்தைத் தட்டுகிற பிளிப்பர் இறுகிக் கிடந்தால் எங்கள் ஆட்களின் கை உடனே தையல் மெசின் எண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். பிளிப்பரை அசைப்பது கொயிலுக்குள், அதாவது கம்பிச் சுருளுக்குள், ஓடுகிற ஒரு கம்பி. அது காய்ந்தபடி ஓடவேண்டியது. எண்ணெய் விட்டால் இரண்டு நாள் துள்ளும், பிறகு தூசியோடு சேர்ந்து களியாகிவிடும்.

இனி அந்த "கரண்ட் குடுத்துப் பாரும்". வருடக்கணக்கில் கிடந்ததை நேரே பிளக்கில் குத்தாதீர்கள். ஜேர்மனிச் சாமானில் வோல்ட் பிரச்சினை இல்லை, ஆனால் கனடா, அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்டுக்குக் கட்டியிருக்கும், எங்கள் 230இல் குத்தினால் கதை முடிந்தது. முதலில் திறந்து பார்க்கவேண்டும், எலி வயரை அரித்திருக்கிறதா, பியூசுக்குப் பதிலாக யாராவது செப்புக்கம்பி சுற்றியிருக்கிறார்களா என்று. புள்ளி காட்டுகிற கண்ணாடிகளுக்கு 170 முதல் 190 வோல்ட் போகிறது, நிறுத்திய பிறகும் கொஞ்சநேரம் உள்ளே தங்கியிருக்கும். தெரியாத கை உள்ளே போகக்கூடாது.

படக்கண்ணாடிக்குப் பின்னால் உள்ள தலைப்பெட்டிக்குள் இருக்கிற மின்சுற்றுப் போட்டில் 3.6 வோல்ட் பற்றறி ஒன்று பற்றவைத்திருக்கும். அது கசிந்து பச்சைப் பொருக்கு விட்டு, தலைமயிர் அளவு செப்புக்கோடுகளைத் தின்றுவிடும். ஐயாவின் மெசினில் அரைவாசி தூரம் போயிருந்தது. வெட்டி எடுத்து, வினாகிரி தொட்டுத் துடைத்து, பிறகு ஸ்பிரிட்டால் கழுவினேன். பற்றறி இல்லாவிட்டாலும் மெசின் ஓடும், பழைய உச்சப் புள்ளி போன்றவை மட்டும் நினைவில் நிற்காது.

அதே போட்டில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் இருக்கிறது. கரண்ட் கொடுத்ததும் அது 7 தரம் மின்னினால் மூளை நல்லம். எங்களுடையது ஆறோடு நின்றது, ஐயாவின் முகமும் விழுந்தது. ஏழாவது மின்னலுக்கு, கொயில்களை ஓட்டுகிற 43 வோல்ட் வரவேண்டும், ஒரு பியூஸ் போயிருந்தது, அவ்வளவுதான். அதே அளவுப் பியூஸ் போட்டு, ஏழும் மின்னுவதை அப்படியே போனில் வீடியோ எடுத்தோம். பத்துப் படம் போடுவதைவிட அந்த ஒரு வீடியோவை விளம்பரத்தில் போடுங்கள். கன்னம் போனதையும் போடுங்கள், ஒளித்தால் வாங்குகிறவர் வந்து நிற்கிற இடத்தில் விலையைக் குறைப்பார், அது வலிக்கும்.

காசுப்பெட்டியில் 5 மார்க் குற்றிகள் சில கிடந்தன. "செல்லாக்காசு" என்று ஐயா கோழிக்கூட்டுப் பக்கம் எறியப் பார்த்தார். ஜேர்மன் மத்திய வங்கி காலக்கெடு இல்லாமல் மார்க்கை யூரோவாக மாற்றித் தருகிறது, ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க். மகனுக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் கேட்டாராம், கொடுக்காதது நல்லதாய்ப் போயிற்று. கடைசியில் கொழும்பில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர் ஒருவர் எடுத்தார். வங்கிச் சிட்டையின் படத்தை வட்சப்பில் அனுப்பி "லொறி வருகுது" என்றார். படத்தை நம்பாமல், காசு கணக்கில் விழுந்த பிறகுதான் ஏற்றவிட்டோம்.

ஏற்றுகிறபோது தலைப்பெட்டியையும் கால்களையும் கழற்றி, நாலு பெடியள் தூக்கவேண்டும், 110 கிலோவாவது வரும். அதற்கு முதல் பந்தை வெளியே எடுங்கள். 80 கிராம் உருக்குக் குண்டு, கொழும்பு மட்டும் 300 கிலோமீற்றருக்கு மேல் உள்ளே உருண்டால் என்ன மிஞ்சும்? நான் மறக்காமல் எடுத்து ஐயாவின் கையில் கொடுத்தேன். திறப்போடு சேர்த்துக் கட்டிவிடச் சொல்லத்தான் மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து கோல், "அண்ணை, பந்து எங்கே?" ஐயாவின் பேரன் முற்றத்தில் அதை வைத்துப் போளையடித்துக்கொண்டிருந்தான்.