சூடான மசாலாவை மிக்ஸியில் அரைக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் முகத்திலோ கையிலோ சுட்டுக்கொண்டு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “குக்கரா, மிக்ஸியா?” என்றுதான்.

சில வாரங்களுக்கு முன்பு வந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். வீட்டில் விருந்தாளிகள், சப்பாத்திக்குப் பனீர் கிரேவி. வெங்காயம், தக்காளி, முந்திரியை வதக்கி, ஆறவிட நேரமில்லாமல் அப்படியே ஜாரில் போட்டு, மூடியைக் கையால் அழுத்திக்கொண்டு மிக்ஸியைப் போட்டிருக்கிறார். மூடி தெறித்து, கொதிக்கும் விழுது கன்னம், கழுத்து, முன்கை எல்லாம் அப்பிக்கொண்டது. என்னிடம் வந்தபோது அந்த இடங்கள் முழுக்க வெள்ளை வெளேரென்று பற்பசை. அதற்கடியில் தக்காளித் தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கை வீங்கி, கண்ணாடி வளையல்கள் சதையில் பதிந்து கிடந்தன.

சூடான விழுதை பிளேடு கலக்கியதும் ஆவி குபீரென்று கிளம்பும். தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். மூடிய ஜாரில் அதற்கு எங்கே இடம்? மூடியைத்தான் தள்ளும். இறுக்கிப் பிடித்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிப் பிடித்த கைதான் முதலில் வேகிறது. வெறும் வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். எண்ணெயும் மசாலாவும் சேர்ந்த விழுது தோலை விடாது. ஒட்டியிருக்கும் நேரமெல்லாம் சுட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தப் பற்பசையைக் கழுவி எடுக்கும்போது அவர் பட்ட வேதனையை என்னால் மறக்க முடியவில்லை. அது காயத்தை ஆற்றாது. எவ்வளவு ஆழம் என்று எங்களைப் பார்க்கவும் விடாது. இட்லி மாவு, மஞ்சள், காப்பித்தூள், பேனா மை எல்லாமே இப்படித்தான். ஐஸ் கட்டியும் வேண்டாம், அது தோலை இன்னும் கெடுக்கும்.

சுட்ட உடனே குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் இல்லை, முழுசாக 20 நிமிடம். எரிச்சல் குறைந்தமாதிரி இருந்தாலும் எடுக்காதீர்கள். தாமதமாகிவிட்டதே என்று விடவும் வேண்டாம், 3 மணி நேரத்துக்குள் என்றால் பலன் உண்டு. தண்ணீர் ஓடும்போதே வளையல், மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள். வீக்கம் வந்தபின் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் லேசாக மூடி அழைத்து வாருங்கள். முகம், கை, மூட்டு என்றாலோ, உள்ளங்கை அளவுக்கு மேல் இருந்தாலோ, சுட்டுக்கொண்டது குழந்தை என்றாலோ வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. மிளகாய் விழுது கண்ணில் பட்டிருந்தால் தேய்க்காமல், இமையைத் திறந்து பிடித்து 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அப்புறம் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

அந்த அம்மாவிடம் குழாய் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். “மிக்ஸிக்குப் பக்கத்திலேயே இருக்கு சார். தண்ணி பட்டா கொப்புளம் போடும்னு சொன்னாங்க” என்றார். தண்ணீரால் கொப்புளம் வராது, சூட்டால்தான் வரும். இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் தயவுசெய்து சொல்லுங்கள்.

வதக்கியதை அகலத் தட்டில் பரப்பி ஃபேனடியில் வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். தொட்டால் சூடே தெரியக்கூடாது, அப்போதுதான் ஜாரில் போட வேண்டும், அதுவும் பாதி ஜாருக்கு மேல் வேண்டாம். அவ்வளவு அவசரமா, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, பருப்பு மத்தால் மெதுவாக மசித்துவிடுங்கள். கிரேவி கொஞ்சம் திப்பி திப்பியாக இருக்கும், அவ்வளவுதான்.