கார்புரேட்டருக்குக் காற்றை எண்ணத் தெரியாது

மூன்று சக்கர வண்டி என்றதும் நமக்கு ஆட்டோதான் கண்முன் வரும். இது வேறு. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று பலூன் மாதிரி உப்பிய டயர்களோடு மணல்மேட்டிலும் சேற்றிலும் பனியிலும் ஓடுகிற வண்டி. 1970-இல் ஹோண்டா அமெரிக்காவில் யூஎஸ்90 என்ற பெயரில் விற்க ஆரம்பித்து, பிற்பாடு ஏடிசி (எந்த நிலத்திலும் ஓடும் வண்டி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயரை மாற்றியது. விபத்துகள் பெருகவே 1988-இல் கம்பெனிகள் அந்த நாட்டு அரசோடு உடன்பாட்டுக்கு வந்து புது வண்டி விற்பதையே நிறுத்திக்கொண்டன. அதனால் இன்று அங்கே ஓடுகிற பழைய ஏடிசிகள் எல்லாமே நாற்பது வயதைத் தொட்ட கிழங்கள்.

அதில் ஒன்று 1983-இல் வந்த ஏடிசி200எக்ஸ். 192 சிசி, ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது துருப்பிடித்த சைலன்சரில்தான். அதைக் கழற்றிவிட்டு வெளிக் கம்பெனி சைலன்சரை மாட்டினால் சத்தம் கம்பீரமாக வரும், சரி. ஆனால் த்ராட்டிலை விட்டதும் பட் பட்டென்று வெடிக்கும், முழுசாக அழுத்தினால் இழுவை இருக்காது.

இதற்கு எல்லாரும் சொல்கிற விளக்கம்: புகை லேசாக வெளியேறுகிறது, அதனால் காற்று அதிகமாக உள்ளே வருகிறது, பெட்ரோல் போதவில்லை, பெரிய ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகாணி) போடு. பாதிதான் சரி. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் காற்று வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை வெளிக்காற்றின் அழுத்தம் ஜெட் வழியாக மேலே தள்ளுகிறது. காற்று கூடினால் அழுத்தம் இன்னும் குறையும், பெட்ரோலும் தானாகக் கூடும். கணக்குப் பார்த்தால் இரண்டுமே அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தின்படிதான் ஏறுகின்றன. அப்படியானால் கலவை மாறவே கூடாதே?

மாறுகிறது. ஏனென்றால் கார்புரேட்டர் காற்றை எண்ணுவதில்லை, அந்த அழுத்த வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கிறது. ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் காற்று ஆறு மாதிரி ஒரே சீராக ஓடாது, மூச்சு மாதிரி விட்டுவிட்டு வரும். இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒரே நேரத்தில் சற்றே திறந்திருக்கும் கணத்தில், அடைப்பான சைலன்சர் புகையைப் பின்னுக்குத் தள்ள, உள்ளே போன காற்றில் கொஞ்சம் கார்புரேட்டர் வழியாகத் திரும்பி வந்து மறுபடி உள்ளே போகும். தொண்டையைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஜெட் பெட்ரோலைக் கொடுத்துவிடும், திசையெல்லாம் அதற்குத் தெரியாது. கம்பெனி ஜெட் இந்த இரட்டைக் கணக்கையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. புது சைலன்சர் சில வேகங்களில் இந்தத் திரும்புதலைக் குறைத்துவிடுவதால் அங்கே கலவை லீன் ஆகிறது, அதாவது பெட்ரோல் குறைகிறது. சில வேகங்களில் நேர்மாறாகவும் நடக்கும்.

இதைவிடப் பெரிய ஆள் ஏர்பாக்ஸ் மூடி, அதாவது ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டியின் மூடி. நிறைய பேர் சைலன்சரோடு சேர்த்து அதையும் கழற்றி வீசிவிடுவார்கள். மூடி இருக்கும்போது காற்று கஷ்டப்பட்டு உள்ளே வர வேண்டியிருப்பதால் தொண்டையில் அழுத்தம் கூடுதலாகக் குறையும், அந்த உறிஞ்சலும் பெட்ரோலை இழுக்கும். மூடியை எடுத்தால் அந்த உபரி இழுப்பு போய்விடுகிறது, காற்று மட்டும் தாராளமாக வருகிறது. என் கணக்கில், சைலன்சர் மேல் போடும் பழியில் பாதி இந்த மூடியைத்தான் சேர வேண்டும்.

ஜெட் மாற்றுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: எந்தப் பாகம் வேலை செய்கிறது என்பதைப் பெரும்பாலும் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே முடிவு செய்யும், இன்ஜின் வேகம் அல்ல. ஏறக்குறைய கால்வாசி வரை பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட், அதிலிருந்து முக்கால்வாசி வரை நீடில் என்ற ஏறி இறங்கும் கூர் ஊசி, அதற்கு மேல் மெயின் ஜெட் என்ற பெரிய ஜெட். அதனால் த்ராட்டில் லீவர் பக்கத்தில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோளாறு எந்தக் கோட்டில் வருகிறதோ அந்தப் பாகத்தில் மட்டும் கை வைத்தால் போதும்.

மெயினில் ஆரம்பிப்பதுதான் வழக்கம், ஏனென்றால் அதன் தாக்கம் நீடில் பகுதிக்குள்ளும் கொஞ்சம் கசியும். கெய்ஹின் என்ற கார்புரேட்டர் கம்பெனியின் மெயின் ஜெட்டில் இருக்கும் எண் ஏறத்தாழ துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கில் சொல்வது. 115 என்றால் 1.15 மில்லிமீட்டர். 115-இலிருந்து 120-க்குப் போவது சின்ன வித்தியாசமாகத் தெரியும், ஆனால் துளையின் பரப்பு சுமார் 9 சதவீதம் கூடிவிடும். முழு த்ராட்டிலில் போகும்போது லேசாக விட்டுப் பாருங்கள், அந்த நொடி வண்டி இன்னும் நன்றாக இழுத்தால் மெயின் சின்னது. விக்கி விக்கிப் போய்க் கருப்பாகப் புகை தள்ளினால் பெரிது.

நீடிலைத் தாங்கும் க்ளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறி பெட்ரோல் கூடும். தலைகீழாக இருப்பதால் பலர் இங்கேதான் குழம்புவார்கள். கடைசியாக, த்ராட்டில் குறைவாக இருக்கும்போது கலவையைச் சரிசெய்யும் ஸ்க்ரூ: அது இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருகத் திருக பெட்ரோல் கூடும், ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று கூடும்.

கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் சரியாக அமைத்த வண்டியை 1,500 மீட்டர் உயர மலைப்பக்கம் கொண்டுபோனால் காற்றின் அடர்த்தி 14 சதவீதம் போலக் குறைந்திருக்கும், அங்கே அதே ஜெட் தேவைக்கு மேல் பெரிதாகிவிடும். பெட்ரோலும் 1983-இல் இருந்தது இல்லை. இன்று அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் பெரும்பாலும் 10 சதவீத எத்தனால் கலந்ததுதான் கிடைக்கிறது, அதற்கு 4 சதவீதம் போல எரிபொருள் கூடுதலாக வேண்டும். டூ ஸ்ட்ரோக்கான ஏடிசி250ஆர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது, லீன் ஆனால் சூடு ஏறுவதோடு ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் அந்தப் பட் பட் வெடிப்பு. அதற்குப் பல நேரம் ஜெட் காரணமே இல்லை. சைலன்சர் பைப் இன்ஜினோடு சேருமிடத்தில் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருப்பார்கள், அங்கே உறிஞ்சப்படும் வெளிக்காற்று எரியாத பெட்ரோலைப் பைப்புக்குள்ளேயே பற்ற வைக்கும். கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பரும் நாற்பது வருடத்தில் விரிசல் விட்டிருக்கலாம். இந்த இரண்டையும் பார்க்காமல் ஜெட் டப்பாவைத் திறக்காதீர்கள்.