"காயம் இல்லை" என்று எழுதும் முன்

குழந்தை மருத்துவ முதுகலை மாணவர்களுக்கான வகுப்பில் நான் முதலில் கொடுப்பது, எதுவும் எழுதப்படாத ஒரு விபத்துப் பதிவேட்டுத் தாள்; காவல் விசாரணைக்குரிய பரிசோதனைகளை மருத்துவமனை பதியும் படிவம் அது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தனக்கு நேர்ந்ததைத் தாயிடம் தாமதமாகச் சொல்லி, பத்து நாள் கழித்து அழைத்து வரப்படுகிறாள். உடலில் காயம் ஏதுமில்லை. என்ன எழுதுவீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலோர் "பாலியல் வன்முறைக்கான அடையாளம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இது காவலரும் சேர்ந்து அமரும் கூட்டுப் பயிற்சி; அதே அறையில் அமர்ந்திருக்கும் மகளிர் காவல் நிலைய ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்களா, டாக்டர்?" என்று கேட்கும்போதுதான் அவர்களுக்கு வியர்க்கும்.

பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு உடற்பரிசோதனை இயல்பாகவே இருக்கும். பல செயல்கள் காயம் உண்டாக்குவதில்லை. உண்டான காயமும் அந்தப் பகுதியில் விரைவில், பெரும்பாலும் தழும்பின்றி, ஆறிவிடுகிறது. மருத்துவருக்குப் பாடமாகத் தெரிந்த இச்செய்தி, அறிக்கையைப் படிக்கப்போகும் காவலருக்கும் வழக்குரைஞருக்கும் தெரிந்திருக்கும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆகவே, "இயல்பான பரிசோதனை முடிவு துன்புறுத்தல் நடந்ததை மறுப்பதாகாது" என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். தனித்தனி வகுப்புகளில் இதை எத்தனை முறை சொன்னாலும் பதிவதில்லை என்பது என் அனுபவம்.

அமெரிக்காவில், துன்புறுத்தலுக்கு ஆளான குழந்தைகளுக்கான இந்த மருத்துவத் துறை 2006-இல் தனிச் சிறப்புப் பிரிவாக ஏற்கப்பட்டு, மூன்றாண்டுப் பயிற்சியும் வகுக்கப்பட்டது. அதற்கு வெகு முன்பே, 1985-இல், அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில், குழந்தையை அலுவலகம் அலுவலகமாக அலையவிடாமல் எல்லாத் துறையினரையும் ஓரிடத்துக்கு வரவழைக்கும் மையம் தொடங்கியிருந்தது.

நம் நாட்டில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, முதல் தகவல் அறிக்கை பதிவாகாத நிலையிலும் பரிசோதனை செய்யலாம். சிறுமியைப் பெண் மருத்துவரே, அவள் நம்பும் ஒருவர் உடனிருக்கப் பரிசோதிக்க வேண்டும். அவசர சிகிச்சைக்கு முன்நிபந்தனையாக எந்த ஆவணத்தையும் கேட்கக் கூடாது என்று விதிகளும் கூறுகின்றன. இருந்தும் "போலீஸ் மெமோ எங்கே?" என்ற கேள்வி இரவுப்பணியில் இன்னும் ஒலிக்கத்தான் செய்கிறது.

கூட்டுப் பயிற்சி குற்றத்தை நிறுவுவதற்கு மட்டுமானதன்று. இன்னும் குப்புற விழாத கைக்குழந்தையின் உடலில் கன்றிப்போன தடம் கண்டால் ஐயப்பட வேண்டியதுதான். ஆனால் அது பிறவியிலேயே உள்ள நீலநிற மச்சமாகவோ, வைட்டமின் கே குறைபாட்டால் வந்த இரத்தக்கசிவாகவோ இருக்கலாம். எலும்பு எளிதில் முறியும் பிறவி நோயைக் கதிரியக்க மருத்துவர் சுட்டிக்காட்டாவிட்டால், குற்றமற்ற பெற்றோர் காவல் நிலையத்தில் நிற்க நேரும்.

செவிலியரை இந்தக் குழுவில் கடைசியாகச் சேர்ப்பது நம் வழக்கம். நானும் அதையே செய்துவந்தேன். ஒருமுறை, எங்கள் யாரிடமும் வாய் திறக்காத குழந்தை, தலைவாரிப் பின்னல் போட்டுவிட்ட வார்டு செவிலியரிடம் பேசியது. தானாக ஒரு கேள்வியும் கேட்காமல், குழந்தையின் சொற்களை அப்படியே, நேரத்தையும் குறித்து, அவர் பதிவேட்டில் எழுதியிருந்தார். இப்போது பதிவெழுதும் பாடத்தை அவர்தான் எடுக்கிறார்.