வாத்துபோல் இருமும் பொமரேனியன்

வாசலில் ஆள் வந்ததும் பாய்ந்து குரைக்கும் பொமரேனியன், இரண்டு குரைப்புக்குள் கழுத்தை நீட்டி வாத்து கத்துவதுபோல வறட்டு இருமல் இருமும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதென்று வாயைப் பிளந்து விரலை விடுகிறவர்கள் உண்டு. வேண்டாம், கடி வாங்குவதுதான் மிச்சம். கோளாறு அதற்குக் கீழே, மூச்சுக்குழாயில்.

நாயின் மூச்சுக்குழாயில் ஏறத்தாழ 35 முதல் 45 குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. எதுவும் முழு வட்டமில்லை. முதுகுப் பக்கத்து இடைவெளியை மெல்லிய தசைச்சவ்வு மூடியிருக்கும். பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா போன்ற குட்டி இனங்களில், பெரும்பாலும் நடுவயதில், வளையங்கள் விறைப்பு இழந்து தட்டையாகும். சவ்வு உள்ளே தொங்கும். மூச்சை இழுக்கையில் கழுத்துப் பகுதி ஒட்டும், விடுகையில் நெஞ்சுப் பகுதி ஒட்டும். சுவர்கள் உரசினால் வீக்கம், வீங்கினால் இருமல், இருமினால் மறுபடி உரசல்.

இதைக் கிளறிவிடுவதில் முதல் குற்றவாளி கழுத்து பெல்ட். சங்கிலியை இழுக்கும் நாய்க்கு அழுத்தமெல்லாம் குழாய் மேலேயே விழும். நெஞ்சைச் சுற்றிவரும் ஹார்னஸுக்கு மாறுங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், பட்டை தொண்டை மேல் ஏறக் கூடாது. அடுத்தது எடை. 3 கிலோ நாய்க்கு அரைக் கிலோ கூடினால் ஆறில் ஒரு பங்கு கூடிவிட்டது. டீயில் நனைத்த பிஸ்கட்டை நிறுத்துங்கள். கொசுவத்தி, சாம்பிராணிப் புகையும் ஆகாது.

சித்திரையில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். நாய் வியர்த்து ஆறாது, இரைத்துத்தான் ஆறும். ஒடுங்கிய குழாயில் இரைப்பே பெரும்பாடு என்பதால் சூடு இறங்காமல் ஏறும். நடையை காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

இருமல் இதயத்திலிருந்தும் வரலாம். வயதான சிறு நாய்களுக்கு வால்வு கசிவது சகஜம். அசந்து தூங்கும்போது விலா ஒருமுறை ஏறி இறங்குவதை ஒரு மூச்சாக வைத்து, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30ஐத் தாண்டி, மறுபடி எண்ணியும் குறையாவிட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள். நாக்கு நீலம் பாய்ந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் ஓடுங்கள். நம் இருமல் சிரப், பாராசிட்டமால் எதுவும் கொடுக்காதீர்கள்.

இருமும்போது போனில் வீடியோ எடுத்துவையுங்கள். டாக்டரின் மேசையில் ஏற்றியதும் வாயை மூடிக்கொள்ளும் நாய்கள் நிறைய. எக்ஸ்ரே மூச்சை இழுக்கையில் ஒன்று, விடுகையில் ஒன்று எடுப்பது நல்லது. ஒன்றை மட்டும் பார்த்தால் குழாய் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியக்கூடும்.