மூன்று குதிரைகளும் ஒரு பல்சக்கரப் பெட்டியும்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய ஊருக்கு அருகிலுள்ள ரேஸ் புக்கியில் இங்கிலாந்துப் பந்தயங்களுக்குப் பணம் கட்டுவோர், வெல்லும் குதிரையை மட்டும் சரியாகச் சொன்னால் சில நூறு ரூபாவும், முதலில் வரும் இரண்டு அல்லது மூன்று குதிரைகளை வரிசை தப்பாமல் சொன்னால் பல்லாயிரம் ரூபாவும் பெறுகிறார்களாம். அந்தப் பெருந்தொகையை யார், எந்தக் கணக்கின்படி தீர்மானிக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. கட்டலாமா, கூடாதா என்று அவர் கேட்கவில்லை; ஆகவே நானும் கணக்கோடு நிற்கிறேன்.

1867ஆம் ஆண்டளவில் பாரிஸ் நகரில் ஜோசப் ஒல்லர் என்பவர் பொதுப் பானை முறையைக் கொண்டுவந்தார். எல்லோரும் கட்டிய பணம் ஒரே பானையில் சேரும். நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொண்டபின் மீதி, வென்றவர்களிடையே பிரிக்கப்படும். பானையில் 10,000 ரூபா இருந்து, 20 சதவீதம் கழிந்து, வென்ற குதிரையின் மேல் 2,000 ரூபா கட்டப்பட்டிருந்தால், ஒவ்வொரு ரூபாவுக்கும் நான்கு ரூபா கிடைக்கும். ஒரு ரூபாவுக்கு எத்தனை ரூபா என்ற இந்த விலையை எவரும் நிர்ணயிப்பதில்லை. கூட்டத்தின் கருத்தே விலையாகிறது.

பன்னிரண்டு குதிரைகள் ஓடினால் இந்தக் கணக்குக்குப் பன்னிரண்டு கூட்டுத்தொகைகள் போதும். முதலிரண்டு இடங்களை வரிசையாகச் சொல்லும் பந்தயத்துக்கு 132 தொகைகளும், மூன்று இடங்களுக்கு 1,320 தொகைகளும், நான்கு இடங்களுக்கு 11,880 தொகைகளும் வேண்டும். இவ்வகைச் சேர்க்கைப் பந்தயங்களை அமெரிக்காவில் எக்சோட்டிக் என்று அழைக்கிறார்கள். பெயரில் என்ன மினுக்கு இருந்தாலும், அவற்றின் வளர்ச்சியைப் பெரிதும் தீர்மானித்தது, குறித்த நேரத்துக்குள் எத்தனை தொகைகளைப் பிழையின்றிக் கூட்ட முடியும் என்பதே.

அந்தக் கூட்டலை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர் அவுஸ்திரேலியப் பொறியியலாளர் ஜோர்ஜ் ஜூலியஸ். தேர்தல் வாக்குகளை எண்ணுவதற்காக அவர் வகுத்த இயந்திரத்தை அரசாங்கம் ஏற்கவில்லை. வாக்காளருக்குப் பதிலாகப் பந்தயம் கட்டுபவரையும், வேட்பாளருக்குப் பதிலாகக் குதிரையையும் வைத்தால் கணக்கு ஒன்றுதான் என்று கண்ட அவர், 1913இல் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரிலுள்ள எல்லர்ஸ்லி மைதானத்தில் தமது முதல் இயந்திரத்தை நிறுவினார்.

சிக்கல் எங்கே இருந்தது என்றால், பல சாளரங்களில் பல எழுத்தர்கள் ஒரே கணத்தில் ஒரே குதிரைக்குச் சீட்டு விற்கக்கூடும். சாதாரண எண்ணியொன்றில் இருவர் ஒன்றாகத் தட்டினால் ஒரு தட்டு காணாமற்போகும். ஜூலியஸின் இயந்திரங்கள் இதைத் தீர்த்த விதத்தை விளங்கிக்கொள்ள, மாரி மழையில் படுவான்கரை வயலொன்றில் புதைந்த உழவு இயந்திரத்தை நினைத்தால் போதும். ஒரு பின்சக்கரம் அசையாமல் நிற்க, மற்றது சேற்றை வாரி இறைத்துக்கொண்டு இருமடங்கு வேகத்தில் சுழலும். இரண்டுக்கும் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியல் பெட்டிக்குள் உள்ள பல்சக்கரங்கள், இரு சக்கரங்களின் சுற்றுகளையும் கூட்டினால் வரும் தொகை எப்போதும் நடுச்சக்கரத்தின் சுற்றுகளைப்போல் இருமடங்காக இருக்குமாறு கட்டுப்படுத்துகின்றன. இப்போது அதையே தலைகீழாக்குங்கள்: பக்கச்சக்கரங்களை நாம் சுழற்றி, நடுச்சக்கரத்தை வாசித்தால், அது இரண்டின் கூட்டுத்தொகையைத்தான் காட்டும், பாதி அளவில். இடது முதலில் அசைந்தாலும், வலது முதலில் அசைந்தாலும், இரண்டும் ஒருங்கே அசைந்தாலும் விடை மாறாது.

ஜூலியஸ் ஒவ்வொரு சீட்டு விற்பனைக்கும் ஒரு பல்லளவு மட்டும் நகரும் சக்கரங்களை வைத்து, அவற்றை இரண்டிரண்டாக இத்தகைய பல்சக்கரத் தொகுதிகளால் இணைத்து, அந்த இணைப்புகளை மேலும் இரண்டிரண்டாக இணைத்து, கடைசியில் ஒரே அச்சில் எல்லாச் சாளரங்களின் விற்பனையையும் பெற்றார். எந்தத் தட்டும் தொலைவதில்லை. எந்தத் தட்டும் மற்றொன்றுக்காகக் காத்திருப்பதுமில்லை. இத்தனை ஆண்டு கணிதம் படித்த எனக்கு, கூட்டல் என்ற செயலை இரும்பில் இவ்வளவு நேர்மையாகக் கண்ட வேறு இடம் நினைவில்லை.

இதே ஜூலியஸ்தான் 1926இல் அவுஸ்திரேலிய அரசின் அறிவியல், கைத்தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் முதல் தலைவரானார். பந்தயப் பெட்டி செய்தவன்தானே என்று அந்த நாடு அவரை ஒதுக்கவில்லை. மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே ஆராய்ச்சிக்குச் செலவிடும் நம் நாட்டில், அத்தகைய ஒருவர் ஏதேனும் ஒரு பட்டறையில் இருந்தாலும் அவரை யார் தேடிப்போவார்கள் என்பது என் ஆதங்கம்.

பிரான்சில் 1954இல் தொடங்கிய தியெர்சே, முதல் மூன்று குதிரைகளைச் சொல்லும் பந்தயத்தை நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது. கணினிகள் பந்தய மைதானங்களுக்குள் வந்தபின் நான்கு இடங்கள், அடுத்தடுத்து ஓடும் ஆறு பந்தயங்களின் வெற்றிக் குதிரைகள் என்று சேர்க்கைகள் பெருகின. நடத்துபவரின் பங்கும் கூடவே ஏறியது: அமெரிக்காவில் தனிக் குதிரைக்குப் பொதுவாக 15 முதல் 18 சதவீதம் கழிக்கப்பட, மூன்று குதிரைச் சீட்டுகளில் அது 25 வரை செல்கிறது. கனவில் கண்ட எண்ணும் வாகன இலக்கமும் இந்தக் கழிவை ஒரு சதமேனும் குறைக்காது.

இனி வாசகரின் கேள்விக்கு வருகிறேன். முதலிரண்டு குதிரைகளை வரிசையாகச் சொல்லும் பந்தயத்தை இங்கிலாந்துப் புக்கிகள் போர்காஸ்ட் என்கிறார்கள்; அதில் பானையே கிடையாது. ஓட்டம் தொடங்கும்போது ஒவ்வொரு குதிரைக்கும் இருந்த விலையிலிருந்து, ஓட்டம் முடிந்தபின் ஒரு கணினிச் சூத்திரம் தொகையைக் கணிக்கிறது. இத்தகைய கணிப்பின் அடிப்படை நிகழ்தகவை 1973இல் ஹார்வில் என்ற புள்ளியியலாளர் எழுதிவைத்தார். வெள்ளைக் குதிரை வெல்ல 50 சதவீதமும், கறுப்புக்கு 30உம், சிவலைக்கு 20உம் வாய்ப்பு என்று கொள்வோம். வெள்ளை முதலில் வந்துவிட்டால் எஞ்சிய 50இல் கறுப்பின் பங்கு 30, அதாவது 60 சதவீதம். ஆகவே வெள்ளை, கறுப்பு என்ற வரிசைக்கு 30 சதவீத வாய்ப்பு. கறுப்பு, வெள்ளை என்று திருப்பினால் 30இன் ஏழில் ஐந்து, ஏறத்தாழ 21 சதவீதம். குதிரைகள் அவையே, வரிசை மாறியதால் தொகை மாறுகிறது. இதிலும் ஒரு குறையுண்டு: வெல்லத் தவறிய முன்னணிக் குதிரை, சூத்திரம் சொல்லும் அளவுக்கு அடிக்கடி இரண்டாவதாக வருவதில்லை.

ஆறு பந்தயத் தொடரில் வேறொரு ஓட்டை இருந்தது. சீட்டுகளின் விபரங்கள் பெருந்தொகையானவை என்பதால், நான்கு பந்தயங்கள் முடியும்வரை அவை மையக் கணினிக்கு அனுப்பப்படாமல் விற்ற இடத்திலேயே கிடந்தன. 2002இல் அமெரிக்காவின் பெரும் குதிரைப் பந்தய விழாவான பிரீடர்ஸ் கப் நாளன்று, பந்தயக் கணினி நிறுவனமொன்றின் ஊழியர் அந்த இடைவெளியில் நண்பரின் சீட்டைத் திருத்தி, நடந்துமுடிந்த நான்கு பந்தயங்களின் வெற்றிக் குதிரைகளை எழுதினார். எஞ்சிய இரண்டில், ஓடவிருந்த 8 குதிரைகளையும் 12 குதிரைகளையும் முழுவதுமாக எடுத்திருந்ததால் சீட்டில் 96 சேர்க்கைகள் இருந்தன. கடைசிப் பந்தயத்தில் ஒன்றுக்கு 43 என்ற விலையிலிருந்த வொல்போனி வென்றதால், அமெரிக்கா முழுவதிலும் வென்ற சீட்டு அந்த ஒன்றாகவே ஆகிவிட்டது. முதல் நான்கில் ஒவ்வொரு குதிரை, கடைசி இரண்டில் எல்லாக் குதிரைகளும் என்ற அதன் வடிவத்தைப் பார்த்த உடனேயே விசாரணையாளர்களுக்குச் சந்தேகம் எழுந்தது. எல்லோரும் எதிர்பார்த்த குதிரை வென்றிருந்தால், அந்தச் சீட்டு வென்ற பல சீட்டுகளோடு கலந்து போயிருக்கும்.