முதல் வண்டித் தண்ணீர் எங்களுடையது, மிச்சம் ஊருடையது

"தண்ணியே இல்லாம வந்துட்டானுங்கய்யா!"

டெல்டாவில் தீயணைப்பு நிலையங்களில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் இந்த வசவைக் கேட்டிருப்பார்கள். சில ஊரில் வசவோடு கல்லும் வரும். வீடு எரிகிறவர் வயிற்றெரிச்சலில் பேசுவதை நாங்கள் மனதில் வைத்துக்கொள்வதில்லை. ஆனாலும் அதில் உண்மை இல்லை. நிலையத்தில் நிற்கும் வண்டியின் தொட்டி எந்நேரமும் நிரம்பியிருக்கும். டூட்டி மாறும்போது முதலில் பார்ப்பதே டீசலையும் தண்ணீரையும்தான். வண்டி தண்ணீரோடுதான் வருகிறது. நீங்கள் நினைப்பதைவிட வேகமாக அது தீர்ந்துபோகிறது, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். நம் ஊர் நிலையங்களில் இருக்கும் வழக்கமான வண்டி 4,500 லிட்டர் கொள்ளும். 20 மில்லிமீட்டர் நாசில் மாட்டிய ஒரு ஓஸ், நல்ல அழுத்தத்தில் நிமிடத்துக்கு 500 லிட்டருக்கு மேல் கொட்டும். ஒரே ஓஸ் என்றால் ஒன்பது நிமிடம்கூடத் தாங்காது. கடைத்தெருவில் தீ என்றால் ஒரு ஓஸோடு நிற்க முடியுமா? இரண்டு பக்கமும் இரண்டு ஓஸ் பிடித்தால் நாலரை நிமிடம். பம்ப் அதற்கும் மேலே தள்ளத் தயாராக இருக்கும். பின்னால் தொட்டி காலி. அந்த ஐந்தாவது நிமிடத்தில்தான் வசவு ஆரம்பிக்கும்.

இதனால்தான் நாசிலைச் சுருக்கிப் பிடிக்கிறோம், தெளிப்பாக அடிக்கிறோம், சில சமயம் சிறிது நேரம் நிறுத்திவிட்டு மறுபடி அடிக்கிறோம். வேடிக்கை பார்க்கிறவர்கள் "மேல அடி, மேல அடி" என்று கத்துவார்கள். கொழுந்து மேலே தெரியும், எரிகிற சாமான் கீழே கிடக்கும். கொழுந்தில் அடித்த தண்ணீர் வீண். எங்கே அடிப்பது என்பதை மட்டுமாவது எங்களிடம் விட்டுவிடுங்கள்.

சரி, ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகான தண்ணீர் எங்கிருந்து வரவேண்டும்? இந்தக் கேள்விக்கு அரசாங்கமே எழுத்தில் பதில் வைத்திருக்கிறது. நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடும் பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் மத்திய அரசுக் கையேட்டில், தீயணைப்புக்கென்று ஒரு சூத்திரம் உண்டு. மக்கள்தொகையை ஆயிரத்தில் எழுதி, அதன் வர்க்கமூலத்தை நூறால் பெருக்கினால், ஒரு நாளைக்கு ஒதுக்கவேண்டிய தண்ணீர் கிலோலிட்டரில் கிடைக்கும். 50,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்கு இது பொருந்தும். 2011 கணக்கெடுப்பில் கும்பகோணத்தின் மக்கள்தொகை சுமார் 1.40 லட்சம். போட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 12 லட்சம் லிட்டர் வருகிறது. சுமார் 2.23 லட்சம் பேர் இருந்த தஞ்சாவூருக்கு 15 லட்சம்.

அதே கையேடு இன்னொன்றும் சொல்கிறது. இதில் மூன்றில் ஒரு பங்கு ஊரின் குடிநீர்த் தொட்டிகளிலேயே இருக்கலாம். மீதி இரண்டு பங்கை ஊருக்குள் ஆங்காங்கே நிலைத்தொட்டிகளாகப் பிரித்து வைக்கவேண்டும். பக்கத்துக் குளம், ஓடை, கால்வாயிலிருந்து அவற்றை நிரப்பிக்கொள்ளலாம். இந்த வரியைப் படித்த எந்த டெல்டாக்காரருக்கும் சிரிப்பு வரும். நிலைத்தொட்டியைப் புதிதாக எதற்குக் கட்டவேண்டும்? நம் முன்னோர் வெட்டி, படிகட்டி, வாய்க்காலும் இணைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு ஏக்கரில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் சுமார் 12 லட்சம் லிட்டர். கும்பகோணம் மகாமகக் குளம் ஆறு ஏக்கருக்கும் மேல். திருவாரூரில் கமலாலயம், மன்னார்குடியில் ஹரித்ராநதி, தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டிச் சிவகங்கைக் குளம், கடைவீதிப் பக்கம் அய்யன்குளம், சாமந்தான்குளம் என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம்.

தண்ணீர் இருக்கிறது, ஆனால் வண்டிக்குக் கிடைப்பதில்லை. அதற்கான காரணங்கள் எல்லாமே சின்னச் சின்னவை. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

வண்டியின் பம்ப் குளத்துத் தண்ணீரை எப்படி எடுக்கிறது தெரியுமா? உறிஞ்சுவதுபோலத் தெரிந்தாலும், குளத்தில் இறக்கும் சக்‌ஷன் ஓஸுக்குள் இருக்கும் காற்றை பம்ப் வெளியேற்றுகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் குளத்து நீரை உள்ளே தள்ளுகிறது. ஏட்டளவில் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஏறலாம். நடைமுறையில் ஏழு மீட்டர் தாண்டினால் நம்பக்கூடாது. கோடையில் நீர்மட்டம் இறங்கிய கிணற்றைக் காட்டி "இதுல நிறைய தண்ணி இருக்கு சார்" என்பார்கள். இருக்கலாம். மேலிருந்து அது ஏறாது. சிறிய பம்பைக் கயிறு கட்டி உள்ளே இறக்கவேண்டும், அதற்கு நேரம் போகும். இன்னொன்று, சக்‌ஷன் ஓஸ் மற்ற ஓஸ் மாதிரி மடிந்து சுருளாது. விறைப்பான குழாய், சின்னச் சின்ன நீளம், கனம் அதிகம். ஆகவே வண்டி குளத்துக்கு மிக அருகில், கரையை ஒட்டி நிற்கவேண்டும்.

இப்போது உங்கள் ஊர்க் குளத்தை நினைத்துப் பாருங்கள். அழகுபடுத்துகிறோம் என்று நாலு பக்கமும் இரும்பு வேலி, நடைபாதை, பெஞ்சு, மின்விளக்கு. நல்லதுதான், குப்பை கொட்டுவது குறைந்தது. ஆனால் வண்டி நெருங்க ஒரு வழியும் இல்லை. ஒரு கேட் இருக்கும், அதில் பூட்டு இருக்கும், பூட்டின் சாவி குத்தகைக்காரர் வீட்டில் இருக்கும், அவர் வெளியூர் போயிருப்பார். நான் பணியில் இருந்த ஓர் ஊரில் குளத்தோரக் கேட்டுக்கு நேரே நிரந்தரமாக ஒரு பஜ்ஜிக் கடை. வண்டி வர வழி வேண்டும் என்று நகராட்சிக்கு எழுதினோம். பதிலாக, கடைக்காரருக்கு மழை ஒழுகாத புதுக் கூரை வந்தது.

தண்ணீருக்குள்ளும் சிக்கல் உண்டு. சக்‌ஷன் ஓஸின் முனையில் சல்லடை இருக்கும், அதற்கு மேலே பிரம்புக் கூடை மாட்டுவோம். ஆகாயத்தாமரை வேரும் பிளாஸ்டிக் பையும் வந்து அப்பிக்கொண்டால் பம்ப் இரைச்சல் போடும், தண்ணீர் வராது. சல்லடை முழுசாக மூழ்குமளவு ஆழமும் வேண்டும். இல்லாவிட்டால் சுழல் விழுந்து காற்றை இழுக்கும். கொஞ்சம் காற்று புகுந்தாலும் எடுப்பு அறுந்துபோகும், முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். கொழுந்துவிட்டு எரிகிற நேரத்தில் அந்த இரண்டு நிமிடம் பெரிய காலம்.

அடுத்தது வாய்க்காலும் ஆறும். வெளியூர்க்காரர்கள் "உங்களுக்கென்ன, காவேரி ஓடுதே" என்பார்கள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடப்படும். அதற்குப் பிறகு புதாறு, குடமுருட்டி, அரசலாறு எல்லாம் மணலும் குட்டையுமாகக் கிடக்கும். கீற்றுக்கூரை காய்ந்து சருகாகிறதும், வைக்கோல்போர் வீட்டு வாசலில் ஏறுகிறதும், பங்குனி சித்திரைத் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறதும் அதே மாதங்களில்தான். தீ அதிகம் பிடிக்கிற காலமும் ஆற்றில் தண்ணீர் இல்லாத காலமும் டெல்டாவில் ஒன்றாகவே வருகின்றன. முறைத்தண்ணீர் ஓடும்போது பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திச் சக்‌ஷன் ஓஸை இறக்கிவிடலாம், அதைவிட வசதி கிடையாது. மார்ச்சில் அதே பாலத்தில் நின்று என்ன செய்வது? ஆகவே குளம்தான் நம் கோடைக் கையிருப்பு. வாய்க்கால் ஓடும்போதே குளத்துக்குத் தண்ணீர் போகும் வழி அடைபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பதும் தீ தடுப்பு வேலையில் சேர்த்தி. இதை நீர்வளத் துறையும் நகராட்சியும் எந்தத் தலைப்பில் எழுதிக்கொள்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை.

தெருவில் நிற்கும் ஹைட்ரண்ட் (தீயணைப்புக் குழாய்த் தூண்) பற்றிக் கேட்பவர்கள் உண்டு. படங்களில் வெளிநாட்டுத் தெருமுனையில் பார்த்திருப்பார்கள். குழாயில் இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தம் இருந்தால்தான் ஹைட்ரண்டுக்கு அர்த்தம். நம் ஊர்களில் தண்ணீர் முறைவைத்து விடப்படுகிறது. விடாத நேரத்தில் குழாயில் காற்றுதான். விடுகிற நேரத்திலும் பாதி வீட்டில் மோட்டார் வைத்து இழுக்கிறார்கள். இந்த நிலையில் தெருவுக்குத் தெரு சிவப்புத் தூண் நட்டால் போஸ்டர் ஒட்டத்தான் பயன்படும்.

அதற்குப் பதில் நான் கேட்பது ஒன்றுதான். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஒவ்வொன்றின் அடியிலும், எங்கள் ஓஸ் நேராகப் பொருந்தும் 63 மில்லிமீட்டர் இணைப்பும் ஒரு வால்வும் வையுங்கள். ஒரு லட்சம் லிட்டர் தொட்டி என்றால் அது இருபத்திரண்டு வண்டித் தண்ணீர். மோட்டாரே வேண்டாம், உயரத்திலிருந்து தானாக இறங்கும். செலவு மிகக் குறைவு. தண்ணீர் திறந்துவிடுகிறவரின் செல் எண்ணைத் தொட்டித் தூணிலேயே பெரிதாக எழுதிவைத்தால் இன்னும் நல்லது. நடுராத்திரியில் அவரைத் தேடி அலைந்த நிலையங்கள் எத்தனையோ.

மின்சாரம் பற்றி ஒன்று. தீ என்றதும் மின்வாரியத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிப்பது சரி, செய்தே ஆகவேண்டும். ஆனால் பதற்றத்தில் ஊர் முழுக்க நிறுத்திவிட்டால் பக்கத்துத் தெரு ஆழ்குழாய் மோட்டார், வயலில் இருக்கும் மும்முனை மோட்டார், தொட்டியை நிரப்பும் பம்ப் எல்லாம் சேர்ந்து நின்றுவிடும். தீப்பிடித்த தெருவின் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். கிராமத்துத் தீயில் எங்களைக் காப்பாற்றுவது பெரும்பாலும் ஒரு விவசாயியின் போர்செட்தான். நிமிடத்துக்குச் சில நூறு லிட்டர் விடாமல் வரும், வண்டித் தொட்டியில் நேராக விழவைத்துவிடலாம்.

சந்துகள். தஞ்சாவூர் நாலு வீதிகளையும் ஒட்டிய சந்துகளிலும் கும்பகோணம் கடைத்தெருவின் உட்சந்துகளிலும் வண்டி நுழையாது. அப்போது ஒரு வண்டி குளத்தடியில் நின்று தண்ணீர் எடுக்கும், இன்னொரு வண்டி சந்தின் வாயில் நின்று வாங்கித் தள்ளும், நடுவில் ஓஸ் ஓடும். ஒரு ஓஸ் பதினைந்து மீட்டர் என்றால் முந்நூறு மீட்டருக்கு இருபது ஓஸ் கோக்கவேண்டும். வழியில் உராய்வினால் அழுத்தம் விழுந்துகொண்டே வரும். தண்ணீரை இரண்டு மடங்காக்கினால் இழப்பு நாலு மடங்காகும். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவரும் ஓஸின் மேல் பைக்கை ஏற்றிக்கொண்டு போகிறவர்களை என்ன சொல்ல? சக்கரம் ஏறும் அந்தக் கணத்தில் அழுத்தம் எகிறி ஓஸ் கிழியலாம், முன்னால் நாசில் பிடித்திருப்பவர் தூக்கி எறியப்படலாம். ஓஸ் கிடக்கும் இடத்தில் நின்று வண்டிகளைத் திருப்பிவிடும் நாலு இளைஞர்கள், பக்கெட்டோடு ஓடிவரும் நாற்பது பேரைவிட எங்களுக்கு உதவி.

கல்யாண மண்டபமும் ஜவுளிக்கடையும் நடத்துகிறவர்களுக்கு: உங்கள் கட்டடத்துக்கு அனுமதி வாங்கும்போது தரைக்கடித் தொட்டி காட்டியிருப்பீர்கள். அதிலிருந்து எங்கள் வண்டி எடுக்க வெளிச்சுவரில் ஓர் இணைப்பும் இருக்கவேண்டும். அதன் முன்னால் காரை நிறுத்தாதீர்கள், தொட்டியை நிரப்பியே வையுங்கள்.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு எழுதினாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலிலும், 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபத்திலும், அதே ஆண்டு ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பறிகொடுத்த கும்பகோணம் பள்ளியிலும் கீற்றில் பிடித்த தீதான் எமனானது. கீற்றில் பிடித்த தீ வண்டி கிளம்புவதற்குள் தன் வேலையை முடித்துவிடும். அங்கே உயிரைக் காப்பது அகலமான வாசலும் கீற்றில்லாத கூரையும். எங்கள் தண்ணீர் காப்பாற்றுவது பெரும்பாலும் அடுத்த வீட்டை, அடுத்த கடையை, அடுத்த தெருவை. கூரைவீட்டுத் தெருவில் தீ என்றால், வண்டி வரும்வரை காற்றடிக்கும் திசையில் இருக்கும் வீடுகளின் கூரையை நனையுங்கள், முடிந்தால் நடுவில் ஒரு வீட்டுக் கீற்றைப் பிரித்துக் கீழே தள்ளுங்கள். எரிகிற வீட்டின் மேல் குடம் குடமாக ஊற்றுவதைவிட அது பலன் தரும்.

101க்கோ 112க்கோ கூப்பிடும்போது "கீழத்தெருவுல தீ புடிச்சிடுச்சு சார், சீக்கிரம் வாங்க" என்று சொல்லி வைத்துவிடாதீர்கள். டெல்டாவில் கீழத்தெரு இல்லாத ஊரே கிடையாது. ஊர், அடையாளம், எது எரிகிறது என்று சொன்ன பிறகு இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்லுங்கள்: பெரிய வண்டி எதுவரை வரும், பக்கத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறது. "சிவன் கோயில் குளத்துல இடுப்பளவு தண்ணி கிடக்கு, தெக்குக் கரையில வண்டி நிக்கலாம்" என்று ஒருவர் சொல்லிவிட்டால், நிலைய அலுவலர் கிளம்பும்போதே எந்த வண்டியை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்துவிடுவார்.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் சரக்குக் கப்பல் வெடித்து உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகக் கடைப்பிடிக்கிறோம். அந்த வாரத்தில் பள்ளிக்கூடத்துக்கு வந்து எண்ணெய்த் தட்டில் தீ மூட்டி அணைத்துக் காட்டச் சொல்லி எல்லாரும் கூப்பிடுகிறார்கள். வருகிறோம். அடுத்த முறை உங்கள் வார்டு உறுப்பினரையும் தொட்டிக்காரரையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்து, உங்கள் தெருக் குளத்தில் ஒருமுறை சக்‌ஷன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் நீர்மட்டம் அடியில் கிடக்கும், சரியான சோதனை. வண்டி நிற்கிற இடத்தில் தரையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கட்டம் போட்டுவிடுங்கள். கேட் சாவியில் ஒன்று நிலையத்தில் இருக்கட்டும்.